கார் ஸ்டீரியோவில் தேவையற்ற இரைச்சல்: முக்கியக் குறிப்புகள்

ஐ.டி.ஐ. மோட்டார் வாகன மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரிக்கல் பிரிவு மாணவர்களுக்கும், டிப்ளமோ முடித்து மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும். பேட்டரி, சார்ஜிங், இக்னிஷன், எர்த் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களில் கிடப்பவை ஒரே கேள்வியில் கூடி வரும் பகுதி இது. வடசென்னை மாதவரத்தில் இருந்து படிப்பவர்கள் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டாம். உள்வட்டச் சாலையில் சற்றுப் போனால் பாடி. 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் அங்கே ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்கிறது. கடற்கரைப் பக்கம் எண்ணூரில், 1948-இல் தொடங்கிய அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஆலை. நம் ஊரிலேயே லாரி முனையம், ஜி.என்.டி. சாலை நெடுகப் பட்டறைகள்.

படிக்கத் தொடங்கும் முன் ஒன்று. வண்டியில் 'கொய்ங்' என்று சத்தம் வந்தால் உடனே ஃபில்டர் வாங்கி மாட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சத்தம் அடங்கலாம், ஆனால் கெட்டுப்போன டயோடோ துருப்பிடித்த எர்த்தோ அப்படியே இருக்கும், ஒருநாள் வண்டியை நடுவழியில் நிறுத்தும். இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் சாமான் வாங்க வேண்டும். கீழே உள்ள எல்லாக் குறிப்புகளும் அந்த ஒரு வேலைக்காகத்தான்.

பின்னணி

• 1930-இல் சிகாகோவில் பால் கால்வினின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளக்கின் பொறியால் எழும் இரைச்சலை அடக்குவதே அப்போது பெரும்பாடாக இருந்தது. அந்தக் குழுவில் இருந்த எல்மர் வேவரிங், பின்னாளில் கார் ஆல்டர்னேட்டர் உருவாக்கத்திலும் முக்கியப் பங்கு வகித்தார்.

• ரேடியோ இடையூறுகளுக்கு அளவுகோல் வகுக்கும் பன்னாட்டுக் குழு சிஸ்பர், தொடங்கிய ஆண்டு 1934. வண்டிக்குள் இருக்கும் ரேடியோவைப் பாதுகாக்கும் அதன் தரநிலை எண் 25. வெளியே இருக்கும் ரேடியோக்களைப் பாதுகாப்பது எண் 12. இரண்டையும் மாற்றி எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

• சென்னை வானொலி நிலையம்: 1938. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் சென்னையில்தான், 1977-இல்.

• எஃப்.எம். அலைவரிசை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. சென்னை 'ஏ' 720 கிலோஹெர்ட்ஸ். இது 9-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கவனிக்கவும்.

கண்டுபிடிக்கும் வரிசை

மிக முக்கியமான பகுதி இது. கருவியைக் கையில் எடுக்கும் முன் காதையும் சாவியையும் வைத்தே பாதிக் காரணங்களைக் கழித்துவிடலாம்.

• இன்ஜினை ஓட்டாமல் சாவியை ஆக்சசரி நிலையில் மட்டும் வைத்து செட்டைப் போடுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் ஆல்டர்னேட்டரும் இக்னிஷனும் குற்றவாளிகள் அல்ல.

• இன்ஜினை ஓட்டி ரேஸ் கொடுங்கள். சத்தத்தின் சுருதி ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர். 'டிக் டிக்' என்று சுருதி மாறாமல் வேகம் மட்டும் கூடினால் இக்னிஷன். ரேஸுக்கு எதுவுமே மாறாவிட்டால் ஃபேன், பெட்ரோல் பம்ப், சார்ஜர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

• வால்யூமைக் கூட்டிக் குறையுங்கள். இரைச்சலும் கூடவே கூடிக் குறைந்தால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால் நுழைகிறது: ஆன்டெனா, ஆக்ஸ் ஒயர், செட்டின் உட்பகுதி. வால்யூம் பூஜ்யத்திலும் அதே அளவு இருந்தால் அதற்குப் பின்னால் நுழைகிறது: ஆர்சிஏ கேபிள், ஆம்ப், ஆம்பின் எர்த், ஸ்பீக்கர் ஒயர். வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி.

• ரேடியோ, யுஎஸ்பி, ப்ளூடூத் என்று மாற்றிப் பாருங்கள். ரேடியோவில் மட்டும் என்றால் ஆன்டெனா வழி. ஆக்ஸில் மட்டும், அதுவும் போன் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் என்றால் எர்த் வளையம் (விளக்கம் கீழே 'எர்த்' தலைப்பில்).

• ஆம்ப் இருக்கும் வண்டியில் அடுத்த படி: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்சிஏ பின்களைக் கழற்றி, நடு முனையும் வெளி வளையமும் சேர்த்து ஷார்ட் செய்த பின்னை ஆம்பின் உள்ளீட்டில் செருகி, மறுபடி போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு செட் பக்கம். நிற்காவிட்டால் ஆம்பின் மின்சாரம், எர்த் அல்லது ஸ்பீக்கர் ஒயர். ஷார்ட் பின்னை ஆம்பின் உள்ளீட்டில் மட்டுமே செருக வேண்டும். செட்டின் வெளியீட்டில் செருகினால் அதன் வெளியீட்டுச் சுற்று கெடலாம். சில செட்களில் ஆர்சிஏ பின்னை ஓடும்போதே பிடுங்கிச் செருகினால் உள்ளே ஆர்சிஏ எர்த் பாதையில் இருக்கும் நுண்ணிய ஃப்யூஸ் போய்விடலாம், அதன் பிறகு நிரந்தர விசில்தான்.

• எந்தச் சோதனையிலும் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றக் கூடாது. பழைய டைனமோ காலத்து வழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் அந்தக் கணமே 12 வோல்ட் சுற்றில் 80 வோல்ட்டையும் தாண்டும் எகிறல் வரலாம். போவது செட் மட்டுமல்ல, இசியூவும் சேர்த்துத்தான்.

ஆல்டர்னேட்டர் விசில்

• கார் ஆல்டர்னேட்டர் மூன்று கட்ட மாறுமின்சாரம் தருகிறது. ஆறு டயோடுகள் அதை நேர்மின்சாரம் ஆக்குகின்றன. முழுவதும் சமமாக்க முடியாமல் மிஞ்சும் அலை 'ரிப்பிள்'. நம் காதில் விசிலாக விழுவது அதுதான்.

• சார்ஜிங் வோல்டேஜ் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 (ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1).

• கணக்கு: இன்ஜின் ஐடிலிங் 800 சுற்று, புல்லி விகிதம் 2.5, ஆல்டர்னேட்டரில் 6 துருவ ஜோடிகள் என்று கொள்க. ஆல்டர்னேட்டர் வேகம் 800 × 2.5 = 2000. மாறுமின்சார அதிர்வெண் 6 × 2000 ÷ 60 = 200 ஹெர்ட்ஸ். ஆறு டயோடு இணைப்பில் ரிப்பிள் இதுபோல் ஆறு மடங்கு, அதாவது 1200 ஹெர்ட்ஸ். ரேஸ் கொடுத்து இன்ஜின் 2000 சுற்றுக்குப் போனால் ரிப்பிள் 3000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியில் இந்த எண்கள் விழுகின்றன. மிகச் சிறிய வோல்டேஜ்கூடத் தொல்லையாகத் தோன்றுவது அதனால்தான்.

• ஒரு டயோடு போய்விட்டால் மேலே சொன்ன 200 ஹெர்ட்ஸ் அலையும் கூடவே வெளிப்படும். விசிலோடு ஒரு கனத்த உறுமலும் சேரும், பேட்டரியும் சரியாக ஏறாது.

• சோதனை: ஹெட்லைட்டைப் போட்டு, சற்று ரேஸில் வைத்து, மல்டிமீட்டரை மாறுமின்சார வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரு முனைகளிலும் அளக்கவும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் டயோடு மேல் சந்தேகம். அப்போது ஃபில்டர் போடுவது தவறு, ஆல்டர்னேட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும்.

• ரிப்பிள் அளவோடு இருந்தும் விசில் கேட்டால் காரணம் பெரும்பாலும் அடுத்த தலைப்பில்தான் இருக்கிறது.

எர்த்

பத்து வண்டியில் எத்தனை என்று கணக்குச் சொல்லமாட்டேன். ஆனால் வடசென்னையில் எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் முதலில் 'எர்த்தைப் பாரு' என்பார். அவர் சொல்வது சரி.

• எர்த் வளையம் என்றால் என்ன? செட் டேஷ்போர்டில் ஓரிடத்தில் பாடியோடு சேர்கிறது. ஆம்ப் டிக்கியில் இன்னோரிடத்தில். இரண்டு இடத்துக்கும் இடையே சிறிய வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் மேலுறைக் கம்பி வழியே மின்னோட்டம் பாயும். ஆம்புக்கு அதுவும் பாட்டுதான், பெருக்கிக் கொடுத்துவிடும்.

• கணக்கு: ஆம்ப் 40 ஆம்பியர் இழுக்கிறது, அதன் எர்த் இணைப்பில் 0.01 ஓம் மின்தடை. வோல்டேஜ் இழப்பு 0.4. செட் தரும் சிக்னலே 2 அல்லது 4 வோல்ட்தான். அதன் பக்கத்தில் 0.4 பெரிய எண். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் 0.01 ஓம் தெரியவே தெரியாது. அதனால்தான் எர்த்தை ஓம் பார்த்துச் சோதிக்காமல், பாட்டு ஓடும்போது வோல்டேஜ் இழப்பைப் பார்த்துச் சோதிக்கச் சொல்கிறோம்.

• முறை: மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் துருவத்தில், சிவப்பு முனை ஆம்பின் எர்த் ஸ்குருவில். டிக்கி வரை ஒயர் எட்டாவிட்டால் நீளமான ஒரு ஒயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் கூட்டி அளக்கவும். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் பேட்டரியிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து லக்குக்கு, லக்கிலிருந்து ஸ்குருவுக்கு என்று துண்டு துண்டாக அளந்து வந்தால் எந்த இணைப்பு வோல்டேஜைத் தின்கிறது என்று தெரியும்.

• சரிசெய்வது: பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கவும். பாடித் தகட்டில் லக் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டையும் பிரைமரையும் எமரி காகிதத்தால் தேய்த்து, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்று அகலமாக வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரிய வேண்டும். வெள்ளீயம் பூசிய ரிங் லக், அதன் மேல் ஸ்டார் வாஷர், அதன் மேல் நட்டு. இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸோ பெயிண்ட்டோ பூச வேண்டும். முதலில் கிரீஸ் தடவிவிட்டு லக்கை வைப்பவர்கள் உண்டு, அந்த வரிசை தவறு. எர்த் ஒயர் 45 சென்டிமீட்டருக்குள், பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமனில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கக் கூடாது. அது உயிர் காக்கும் போல்ட், கழற்றி முறுக்கும் இடமல்ல.

• ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து வண்டிகளில் எர்த் சீக்கிரம் கெடுவதற்கு வேதியியல் காரணம் உண்டு. செம்பு லக், இரும்புத் தகடு, நடுவில் உப்பு ஈரம். இது ஒரு சிறிய கால்வானிக் செல். இரண்டில் வினைத்திறன் மிகுந்த இரும்பு ஆனோடாகி அரிக்கப்படும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தரைத் தகட்டில் நிற்பதால் இது இன்னும் வேகமாக நடக்கும். அவற்றில் எர்த்தைத் தரைத் தகட்டில் எடுக்காமல் மேலே பக்கத் தூணில் எடுப்பது நல்லது.

• இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையைப் பலர் பார்ப்பதே இல்லை. ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கு எர்த் அந்தப் பட்டைதான். அது இற்றுப்போனால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், லைட் மங்கும், செட்டில் விசிலும் வரும். மூன்றும் சேர்ந்து வந்தால் விடை இதுவே.

• ஒயர் போடும் முறை: பவர் கேபிள் வண்டியின் ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்குத்தாக. பவர் கேபிளின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். ஃப்யூஸ் இரைச்சலுக்காக அல்ல, தீப்பிடிக்காமல் இருக்க.

இக்னிஷன் டிக் டிக்

• நான்கு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. 800 சுற்றில் நிமிடத்துக்கு 1600, வினாடிக்கு ஏறத்தாழ 27.

• பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பி. ஏ.எம்.மில் செய்தி அலையின் உயரத்தில் இருப்பதால் பொறியின் எகிறல் நேரே காதுக்கு வரும். எஃப்.எம். செட்டின் லிமிட்டர் அந்த உயர மாற்றத்தை வெட்டிவிடும். எனவே ஏ.எம். 720-இல் டிக் டிக் கேட்டு எஃப்.எம். 101.4-இல் கேட்காவிட்டால் இக்னிஷன் என்று எழுதலாம்.

• தடுப்பு: உள்ளே ஏறத்தாழ 5 கிலோஓம் மின்தடை வைத்த பிளக். என்ஜிகே பிளக் எண்ணில் 'ஆர்' எழுத்து இருந்தால் அந்த வகை. கார்பன் இழை ஹைடென்ஷன் ஒயர், ஆன்டெனா அடியில் நல்ல எர்த். ஆன்டெனா அடியில் துருப்பிடித்தால் கேபிளின் மேலுறையால் காப்பு வேலை செய்ய முடியாது.

• டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. டீசல் வண்டியில் டிக் டிக் வந்தால் இக்னிஷன் என்று எழுதினால் மதிப்பெண் போகும். இன்ஜெக்டர், அதன் ஒயரிங், பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

• மின்சாரக் கார்களில் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரின் இடையூறு காரணமாகச் சில நிறுவனங்கள் ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டன.

24 வோல்ட் லாரி

மாதவரம் லாரி முனையத்தில் இதற்குத்தான் வேலை அதிகம், புத்தகத்தில் இதற்குத்தான் இடம் குறைவு.

• கனரக லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடரிணைப்பில். சார்ஜிங் ஏறத்தாழ 28 வோல்ட். கார் செட்டுக்கு 12 வோல்ட் வேண்டும்.

• தவறான வழி: ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பது. அந்த பேட்டரி மட்டும் இறங்கும், மற்றது அளவுக்கு மீறி ஏறும், இரண்டும் சீக்கிரம் போகும். செட்டில் இரைச்சல் இல்லை என்பதால் இதுவே நல்ல வழி என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநர் கையிலிருந்து இரண்டு பேட்டரியின் விலை போகிறது, அதை அவருக்கு எடுத்துச் சொல்வது மெக்கானிக்கின் கடமை.

• சரியான வழி: 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர். விலை மலிந்த கன்வெர்ட்டரில் உள்ளே வேகமாக அணைந்து எரியும் சுவிட்சிங் சுற்று ரேடியோவில் 'ஸ்ஸ்ர்ர்' என்று கேட்கும். கன்வெர்ட்டரைச் செட்டிலிருந்து தள்ளி, உலோகப் பெட்டியோடு பாடியில் இறுக்கி, வெளியீட்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி, சோக்-கண்டன்சர் ஃபில்டர் போடலாம். ஃபில்டருக்கு உரிய இடம் இது.

சார்ஜர், எல்.இ.டி., போன்

• சிகரெட் லைட்டரில் செருகும் யுஎஸ்பி சார்ஜர், டேஷ்கேமரா, மாற்றிப் போட்ட எல்.இ.டி. ஹெட்லைட் மூன்றும் சுவிட்சிங் சுற்றுகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதே சோதனை. எல்.இ.டி. போட்ட அன்றிலிருந்து எஃப்.எம். இரைகிறது என்று வண்டிக்காரர் சொன்னால் அதை நம்புங்கள்.

• ஆக்ஸ் ஒயரும் சார்ஜரும் சேர்ந்தால் விசில், ஒன்றைப் பிடுங்கினால் அமைதி: எர்த் வளையம். ப்ளூடூத்துக்கு மாறினால் ஒயரே இல்லாததால் தீர்ந்தது. இல்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். அதன் உள்ளே 1:1 டிரான்ஸ்ஃபார்மர், மலிவானதில் ஆழ்ந்த பேஸ் சற்றுக் குறையும்.

• 2ஜி போன் அருகில் வைத்தால் வரும் 'டிட்-டிடிட்': 217 ஹெர்ட்ஸ். ஒரு ஜிஎஸ்எம் ஃபிரேமின் நீளம் 4.615 மில்லிவினாடி, அதன் தலைகீழி.

மற்றவை, சுருக்கமாக

• வைப்பர், ஏசி ஃபேன் போட்டால் வரும் 'ர்ர்ர்': மோட்டாரின் கார்பன் பிரஷ். மோட்டாரின் பக்கத்திலேயே கண்டன்சர்.

• செட்டைப் போடும்போதும் அணைக்கும்போதும் 'டொப்': ரிமோட் ஒயர், அல்லது அதே ஒயரில் சேர்ந்த ரிலேயின் காயில். காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடு.

• எப்போதும் 'ஸ்ஸ்ஸ்': ஆம்பின் கெயின் அதிகம். கெயின் வால்யூம் அல்ல, செட்டின் வெளியீட்டு வோல்டேஜோடு பொருத்தும் திருகு. 2 வோல்ட் வெளியீட்டுக்குப் பதில் 4 வோல்ட் என்றால் 6 டெசிபல் ஆதாயம்.

• வால்யூமைக் கூட்டினால் மட்டும் கரகரப்பு என்றால் அது திரிபு, இரைச்சல் அல்ல. 14.4 வோல்ட்டில் ஆம்ப் இல்லாத செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய உச்சம் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 26 வாட் (14.4 ÷ 1.414 = 10.18, அதன் வர்க்கம் ÷ 4). பெட்டியில் 50 வாட் என்று அச்சிட்டிருப்பதை விடைத்தாளில் எழுதக் கூடாது.

• இந்தச் செட்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயர் பாடி எர்த் அல்ல. இரண்டு ஒயரிலும் சப்ளையின் பாதி வோல்டேஜ் இருக்கும். பாடியில் தட்டினால் ஐசி போய்விடும்.

• ஒயர் நிறங்கள்: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு ஆக்சசரி, கறுப்பு எர்த், நீலம் ஆன்டெனா, நீலம்-வெள்ளை ஆம்ப் ரிமோட். ஸ்பீக்கர்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ்.

• மணலி, அத்திப்பட்டுப் பக்கம் உயரழுத்தக் கம்பிகளின் கீழே போகும்போது மட்டும் ஏ.எம்.மில் இரைச்சல் வந்து, கடந்ததும் நின்றால் வண்டியில் குறையில்லை. உப்புப் படிந்த இன்சுலேட்டரில் கசியும் மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸின் இரு அரைச்சுற்றிலும் பொறி விடுவதால் 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

• 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியின் இரைச்சல் உடனே தெரிவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்களின் பின்களில் பச்சைக் களிம்பு மெல்லப் பூத்து, மாதங்கள் கழித்து மேடுபள்ளத்தில் மட்டும் 'கரகர' என்று கேட்கத் தொடங்கும்.

• சோதனை: செட்டைப் போட்டு வைத்து, தரைவிரிப்பைத் தூக்கி ஒவ்வொரு கனெக்டராகக் கையால் அசைக்கவும். சத்தம் மாறும் இடத்தில் கோளாறு.

• கான்டாக்ட் கிளீனர் அடித்துத் தேய்ப்பது களிம்பு மேலோட்டமாக இருந்தால் மட்டுமே பயன்படும். ஒயரைச் சற்றுச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் தண்ணீர் இன்சுலேஷனுக்குள் ஏறியிருக்கிறது என்று பொருள். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புதிய துண்டு சேர்த்துச் சால்டர் வைக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரை மட்டும் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, அந்தந்த நிறுவனத்தின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே அதில் கைவைக்க வேண்டும்.